எடுத்ததும் ஈடு செய்வதும்

நம் சங்கத்தின் மாத இதழில் வழக்கமாக வெளிவருபவை எவை என்பதை அன்பர்கள் அறிவார்கள். பொங்கல் விழா நிகழ்ச்சிகள், பிள்ளைகளின் பரீட்சை முடிவுகள், விடுமுறைக்கு ஊர் செல்ல ரயிலில் இடம் பெறும் உபாயங்கள், இடையிடையே ஒரு சமையற் குறிப்பு. இவற்றின் நடுவே கர்ப்பப்பை அகற்றப்பட்ட பெண்ணின் உடல்நலத்தைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று சில நாள் யோசித்தேன். ஆயினும், அண்மையில் நம் மாதர் பிரிவின் கூட்டமொன்றில் என்னருகே அமர்ந்திருந்த மூவருள் இருவர் அந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டவர்கள் என்று அறிந்தபோது என் தயக்கம் நீங்கிற்று. அவ்விருவருக்கும் தங்கள் உடலிலிருந்து எவ்வெவை எடுக்கப்பட்டன என்பது உறுதியாகத் தெரியவில்லை. "எல்லாம் எடுத்துவிட்டார்கள்" என்றார் ஒருவர். "கர்ப்பப்பையை மட்டுந்தான் என்று நினைக்கிறேன்" என்றார் மற்றவர். இந்த வேறுபாட்டில்தான் ஒரு பெண்ணின் பிற்கால வாழ்வே அடங்கியிருக்கிறது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இது ஏதோ அபூர்வமாக நேரும் காரியமன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர் கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள். அவர்களில் பலர் நாற்பது வயதை எட்டுமுன்னரே அதைச் செய்துகொண்டவர்கள். தேவையில்லாமலும் இந்த அறுவை நடைபெறுகிறது என்று எழுந்த வழக்கில், மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் யாவும் மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தேவையா, தேவையில்லையா என்பது அறுவைக்கு முன் ஆராய வேண்டிய விஷயம். நான் எழுதப்போவது அறுவைக்குப் பின்னுள்ள வாழ்க்கையைப் பற்றி.

பெண்ணின் அடிவயிற்றில் கர்ப்பப்பை ஒன்று. அதன் இருபுறமும் பாதாம்பருப்பை ஒத்த வடிவில் சினைப்பைகள் இரண்டு. கர்ப்பப்பை குழந்தையைச் சுமப்பதற்கு; மாதவிடாய் வெளிப்படுவதும் அதிலிருந்தே. சினைப்பைகளின் வேலை வேறு. அவை கருமுட்டையை வெளியிடுவதோடு, ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோனையும் சுரக்கின்றன. எலும்பு உறுதியாயிருப்பதற்கும், இரத்தக்குழாய்கள் நலமாயிருப்பதற்கும், உறக்கத்திற்கும், தோலின் ஈரத்திற்கும், மன அமைதிக்குங்கூட இந்த ஹார்மோன் துணை செய்கிறது. ஈஸ்ட்ரோஜென் வகையைச் சேர்ந்த ஒரு ஹார்மோனை முதன்முதலாகத் தூய நிலையில் பிரித்தெடுத்தவர்கள் அமெரிக்காவின் எட்வர்ட் டாய்ஸியும் ஜெர்மனியின் அடால்ப் பூடெனான்ட்டும். இருவரும் தனித்தனியே 1929-ஆம் ஆண்டில் அதைச் சாதித்தார்கள்.

ஆகவே கர்ப்பப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பைகளை விட்டுவைத்தால், மாதவிடாய் நின்றுபோகுமேயன்றி ஹார்மோன் நின்றுபோவதில்லை. இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டாலோ, அன்றைய தினமே அந்த ஊற்று அடைபட்டுப் போகிறது. இயற்கையில் இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதளவில், சில ஆண்டுகளாகப் படிப்படியாகக் குறைந்து நிற்பது, இங்கே ஓர் இரவுக்குள் நின்றுவிடுகிறது. மாடிப்படியில் இறங்குவதற்கும் மாடியிலிருந்து விழுவதற்கும் உள்ள வேற்றுமை அது.

எனக்கு நேர்ந்தது இரண்டாவது வகை. அப்போது எனக்கு வயது முப்பத்தைந்து. கர்ப்பப்பையில் நார்க்கட்டிகள், மாதந்தோறும் பத்துப் பன்னிரண்டு நாள் உதிரப்போக்கு. இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழுக்கும் கீழே இறங்கிவிட்டது. நாகபுரி ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. மருந்துகள் பயன்படவில்லை. இரு சினைப்பைகளிலும் கட்டிகள் இருந்தமையால் அவற்றையும் சேர்த்தே எடுக்க நேர்ந்தது. அறுவை தேவையானதே, அது நன்றாகவும் நடந்தது. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். புண்ணை நனைக்காதே, பளு தூக்காதே, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள் என்று சொல்லியனுப்பினார்கள். சினைப்பைகள் போனபின் உடலில் என்ன நிகழும் என்பதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

மூன்றாம் வாரத்தில் தொடங்கிற்று. மார்பிலிருந்து ஒரு வெப்பம் எழுந்து கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும், இரண்டு மூன்று நிமிடங்களில் சேலை நனையும்படி வேர்த்துப்போகும், பின்னர் குளிரெடுக்கும். பகலில் பத்துத் தடவை, இரவில் ஐந்தாறு தடவை. வெளியே நாகபுரியின் மே மாத வெயில் 45 பாகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எது வெயிலின் வெம்மை, எது உடலின் வெம்மை என்று பிரித்தறிய முடியவில்லை. ஏர்கூலரின் முன்னே அமர்ந்துகொண்டு விசிறியாலும் விசிறிக்கொள்பவளை வீட்டார் விநோதமாகப் பார்த்தார்கள். கும்பகோணத்திலிருந்து அம்மா தொலைபேசியில், "உடம்புச் சூடுதான்டி, வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிடு" என்றாள். மாமியார் தலைக்கு விளக்கெண்ணெய் வைத்துவிட்டார். அவர்கள் அன்பில் குறைவில்லை. ஆனால் நோயின் வேர் வேறிடத்தில் இருந்தது.

வெப்பத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உறக்கமின்மையைப் பொறுக்க முடியாது. விடுப்பு முடிந்து அலுவலகம் சென்றபோது, நான் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கையாண்டுவந்த சம்பளப் பட்டியலின் எண்கள் என் கண்முன்னே நழுவின. ஒரே வரியை மூன்று முறை கூட்டுவேன். மூன்று முறையும் வெவ்வேறு விடை வரும். காரணமின்றி அழுகை வரும். முழங்காலும் விரல் கணுக்களும் வலித்தன. பொதுமருத்துவர் ஒருவரிடம் சொன்னபோது, "மனக்கவலைதான், குழந்தை குட்டிகளோடு பொழுதைப் போக்குங்கள்" என்று கூறித் தூக்க மாத்திரை எழுதித் தந்தார். வேலையை விட்டுவிடலாமா என்று என் கணவரிடம் கேட்ட இரவும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறியதை வைத்துக்கொண்டு வேறொரு வேலை எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

ஐந்தாம் மாதம் வேறொரு மகப்பேற்று மருத்துவரைப் பார்த்தோம். அந்த டாக்டர் அம்மாள் என் வார்த்தைகளைக் கேட்பதற்கு முன்னர், "ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த காகிதங்கள் எங்கே?" என்று கேட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்ஸி அறிக்கையையும் நீட்டினேன். இரண்டையும் படித்துவிட்டு அவர் சொன்னார்: "அம்மா, உங்களுக்கு மனநோய் ஏதுமில்லை. உங்கள் உடலில் இருந்த ஒன்றை எடுத்திருக்கிறார்கள். எடுத்ததற்கு ஈடு வைக்கவில்லை. வைத்தால் சரியாகும்."

எழுத்தர் வேலை பார்ப்பவளுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கணக்கில் ஒரு தொகை பற்று வைக்கப்பட்டிருக்கிறது. எதிரே வரவு எழுதப்படவில்லை. கணக்கு எப்படி நேராகும்?

ஈடு செய்யும் முறையை அவர் விளக்கினார். கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜெனை மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய்க்கு இடமாகலாம். அதனால் அவளுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனையும் சேர்த்துத் தருவார்கள். கர்ப்பப்பையே இல்லாதவளுக்கு அந்தத் துணை பெரும்பாலும் தேவையில்லை. ஈஸ்ட்ரோஜென் ஒன்றே போதும். கர்ப்பப்பையின் உட்சுவர்த் திசு வெளியே பரவும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய் இருந்தவர்களுக்கு மட்டும் சில சமயம் இரண்டையும் சேர்த்துத் தருவதுண்டு. அதனால்தான் எதற்காக அறுவை நடந்தது, பயாப்ஸியில் என்ன கண்டார்கள் என்பது மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

மருந்து பல வடிவங்களில் இருக்கிறது. விழுங்கும் மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, தோலில் தடவும் ஜெல். மாத்திரை ஈரலின் வழியாகச் செல்வதால் இரத்தம் உறையும் அபாயத்தைச் சிறிது கூட்டுகிறது. வழக்கமான அளவில் தோல் வழியாகச் செல்லும் மருந்தில் அந்த அபாயம் கூடுவதாகத் தெரியவில்லை. எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டென்பதால் ஜெல்லையே தேர்ந்தெடுத்தார்கள். காலையில் குளித்துத் துவட்டியபின் புயத்திலோ தொடையிலோ தடவி, உலரவிட்டு, பிறகே உடுத்திக்கொள்ள வேண்டும். மார்பில் தடவலாகாது. தடவிய கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். அந்த இடத்தைச் சிறு குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து அவர்கள் தோலிலும் இறங்கிவிடும்.

இரண்டாம் வாரத்தில் இரவு வேர்வை குறைந்தது. ஒன்றரை மாதத்தில் விடியும்வரை உறங்கினேன். மூன்று மாதத்தில் சம்பளப் பட்டியல் முதல் கூட்டலிலேயே சரியாக வந்தது. மூட்டுவலி முழுமையாக நீங்கவில்லை. ஆனால் படியேறத் தடையில்லை. மருந்தின் அளவை முதலில் குறைவாகத் தொடங்கி, மூன்று மாதத்துக்குப்பின் சிறிது உயர்த்தினார்கள். இளவயதில் சினைப்பைகளை இழந்தவர்களுக்கு, முதிர்ந்த பெண்களுக்குத் தேவைப்படுவதைக் காட்டிலும் கூடுதலான அளவு வேண்டியிருப்பதுண்டாம். அளவு சரிதானா என்பதை இரத்தப் பரிசோதனையைக் காட்டிலும் பெண்ணின் உறக்கத்தையும் வேர்வையையும் கேட்டே பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "ஹார்மோன் சாப்பிட்டால் புற்றுநோய் வருமாமே?" என் நாத்தனாரும் கேட்டார், அலுவலகத் தோழியும் கேட்டார். என் அம்மா, "போனது போகட்டும், மருந்தை விட்டுவிடு" என்று அழுதேவிட்டாள். இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற, 50 முதல் 79 வயதுவரையிலான பெண்களிடையே ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. ஈஸ்ட்ரோஜெனையும் புரோஜெஸ்டின் என்பதையும் சேர்த்து உண்ட பிரிவில் மார்பகப் புற்றுநோயும் இதயநோயும் சற்றுக் கூடியதைக் கண்டு 2002 ஜூலையில் அதை நிறுத்தினார்கள். செய்தி உலகெங்கும் பரவிற்று. கோடிக்கணக்கான பெண்கள் அச்சங்கொண்டார்கள்.

ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொரு பிரிவும் இருந்தது என்பது அவ்வளவாகப் பரவவில்லை. கர்ப்பப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஈஸ்ட்ரோஜெனை மட்டும் உண்டார்கள். மூளையில் இரத்தக்குழாய் அடைபடும் பக்கவாதம் சிறிது கூடியதால் 2004-இல் அதையும் நிறுத்தினார்கள். ஆயினும் மார்பகப் புற்றுநோய் அவர்களிடையே கூடவில்லை. அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது அது குறைவாகவே இருந்தது. மேலும், அந்தப் பெண்களின் சராசரி வயது அறுபதுக்கு மேல். முப்பத்தைந்து வயதில் சினைப்பைகளை இழந்தவளின் நிலை வேறு. அவளுக்குக் கொடுப்பது, அவள் உடல் தானே இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு சுரந்திருக்க வேண்டியது. அதைக் கொடுக்காமல் விட்டால் எலும்பு விரைவில் நலியும். இதயநோய்க்கும் முற்பட்டே இடமாகும். எனவே தடை ஏதுமில்லாதவர்கள், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதுவரையேனும் இந்த ஈட்டைத் தொடரவேண்டும் என்பது மருத்துவர் சங்கங்களின் பொதுவான அபிப்பிராயம்.

தடை உள்ளவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கலாகாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கால் நரம்பிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்கள், ஈரல் கடுமையாகக் கெட்டவர்கள் ஆகியோருக்குப் பொதுவாக இம்மருந்து தருவதில்லை. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத வேறு மருந்துகள் உள்ளன. பக்கத்து வீட்டு அக்கா தடவுகிறாரே என்று அவருடைய ஜெல்லை வாங்கித் தடவுவது கூடாது. தைராய்டு மாத்திரை உண்பவர்கள் ஈஸ்ட்ரோஜென் மாத்திரையைத் தொடங்கினால், தைராய்டு மாத்திரையின் அளவையும் மாற்ற நேரலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும். ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தம் பார்ப்பதும், மார்பகப் பரிசோதனையும் இன்றியமையாதவை.

சினைப்பைகளை விட்டுவைத்தவர்களுக்கும் ஒரு சொல். அவர்களுக்கு உடனே மருந்து தேவையில்லை. ஆனால் கர்ப்பப்பை போனபின் சினைப்பைகள் சிலருக்கு ஓரிரு ஆண்டு முன்னதாகவே ஓய்ந்துவிடுகின்றன. மற்றப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதே அறிவிப்பு. இவர்களுக்கு அந்த அறிவிப்பு வராது. ஆகவே வேர்வை, உறக்கமின்மை, சிடுசிடுப்பு என்று தொடங்கினால் அதை வயதின் கோளாறு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் மருந்தின் தலையில் ஏற்றுவதும் சரியன்று. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நம் வீட்டுக் கேழ்வரகு நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எள்ளும், பாலும், தயிரும், முருங்கைக்கீரையும் உண்டு. நாகபுரி மாவுக்கடையில் "நாச்சணி" என்று கேட்டால் கேழ்வரகு கிடைக்கும். வடக்கே செல்பவர்கள் "மண்டுவா" என்று கேட்கலாம். வைட்டமின் டி-க்காகக் காலை வெயில். எலும்பின் உறுதிக்காக நாள்தோறும் அரைமணி நடை. இவை ஈஸ்ட்ரோஜெனுக்குத் துணை நிற்பவை, அதற்கு மாற்றாகா.

இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாயிருப்பினும் சொல்லியாக வேண்டும். ஹார்மோன் குறைந்தால் பெண்ணுறுப்பின் ஈரம் வறண்டு, இல்லற உறவு வேதனையாகிறது. அடிக்கடி நீர்க்கடுப்பும் வருகிறது. இதைக் கணவனிடம் சொல்லவும் மாட்டாமல், மறுக்கவும் மாட்டாமல் துன்புறும் பெண்கள் பலர். உள்ளே இடுவதற்கென்று சிறிதளவு ஹார்மோன் கலந்த களிம்பு இருக்கிறது. அது இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஆடவர் இதைப் படிக்க நேர்ந்தால், மனைவியின் மௌனத்தை வெறுப்பென்று கொள்ளாமல், டாக்டரிடம் தாமே உடன்செல்வார்களாக. என் கணவர் வந்தார். அது பாதி மருந்தாயிற்று.

வெளியூரில் வாழும் நமக்குத் தனியான சங்கடம் மொழி. தக்காளி விலை பேசும் இந்தி, டாக்டரின் முன்னே உதவுவதில்லை. பதினொரு வயது மகளை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு எந்தத் தாய் இவற்றையெல்லாம் சொல்வாள்? இந்தி பேசுமிடங்களில் கர்ப்பப்பையைப் "பச்சேதானி" என்பார்கள். "பச்சேதானி எடுத்தாயிற்று" என்று அவர்கள் சொன்னால், அதில் சினைப்பைகளும் அடக்கமா இல்லையா என்பது விளங்காது. தமிழிலும் நாம் அப்படியே சொல்கிறோம். சினைப்பைக்கு அங்கே "அண்டாசய்" என்று பெயர். "அண்டாசய் இருக்கிறதா, எடுத்தாயிற்றா? ஒன்றா, இரண்டுமா?" இந்த வினாவைக் கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஊருக்கு ஒருமாதம் செல்பவர்கள் ஒன்றரை மாதத்து மருந்தோடு செல்லட்டும். ஒரே மருந்து ஊருக்கு ஊர் வேறு வேறு கம்பெனிப் பெயரில் விற்கப்படும். ஆகவே சீட்டில் மருந்தின் மூலப்பெயரும் அளவும் எழுதியிருக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் பழைய வெப்பம் சில நாளில் திரும்பிவிடும். மாற்றலாகி வேறு ஊர் செல்லும் குடும்பங்களில் பாத்திரம் பண்டங்களெல்லாம் பத்திரமாகப் போய்ச்சேரும். ஆஸ்பத்திரிக் காகிதங்கள்தாம் எங்கோ தவறிப்போகும். ரேஷன் கார்டையும் பள்ளிச் சான்றிதழையும் வைக்கும் உறையிலேயே அவற்றையும் வையுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

எனக்கு இப்போது வயது முப்பத்தெட்டு. இன்னும் பன்னிரண்டு ஆண்டேனும் இந்த ஜெல் என் காலைக் கடன்களுள் ஒன்றாயிருக்கும். அம்மா இப்போது தொலைபேசியில் முதலில் கேட்பது, "தடவினாயா?" என்பதுதான். இந்த இதழ் சென்று சேரும் வீடுகளில் அறுவைக்குப் பின் காரணம் விளங்காமல் வேர்த்தும் விழித்தும் கிடக்கும் சகோதரி யாரேனும் இருந்தால், அவர் தம் பெட்டியிலுள்ள அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். புரியாவிட்டால் ஒரு மகப்பேற்று மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பொறுமை பெண்ணுக்கு அணிகலன் என்பார்கள். தீர்க்கக்கூடிய துன்பத்தைப் பொறுத்துக்கொண்டிருப்பதை அந்த அணிகலனில் சேர்க்க வேண்டியதில்லை.